தொலைக்காட்சி விளம்பரமும் பார்ப்போர் கையிலுள்ள விசையும்

தொலைக்காட்சியில் நாடகமோ செய்தியோ நடந்துகொண்டிருக்கையில் விளம்பரம் குறுக்கிடுவது அனைவரும் அறிந்ததே. அவ்வேளையில் பார்ப்போர் செய்யக்கூடியவை மூன்று. விளம்பரத்தைப் பார்க்கலாம், வேறு அலைவரிசைக்கு மாறலாம், எழுந்து சென்று வீட்டு வேலையைக் கவனிக்கலாம். இம்மூன்றில் எதைச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை நெடுங்காலம் பார்ப்போரிடமே இருந்து வந்தது. அவ்வுரிமையை எந்தச் சட்டமும் வழங்கியதில்லை. நிலையம் அனுப்பும் அலைகள் வீட்டிலுள்ள பெட்டியை அடைந்த பின், அப்பெட்டிக்குக் கட்டளையிடும் வழி நிலையத்தாரிடம் இல்லாதிருந்ததே அதற்குக் காரணம். இன்று அவ்வழி ஏற்பட்டுவிட்டது. விளம்பரம் முடியும்வரை அலைவரிசையை மாற்ற இயலாதபடி பெட்டியைப் பூட்டி வைப்பதும் விஞ்ஞான முறையில் சாத்தியமாகிவிட்டது. இச்சாதனங்கள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு இயங்குகின்றன, இந்நாட்டில் அவற்றின் நிலை என்ன என்பன இக்கட்டுரையில் விளக்கப்படும்.

விளம்பரமும் விலையும்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பட்டது. 1976-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல்தான் தூர்தர்ஷனில் வர்த்தக விளம்பரங்கள் இடம்பெறலாயின. அதுவரை நிகழ்ச்சிகளின் செலவை அரசாங்கமே ஏற்றிருந்தது. பின்னர் தனியார் அலைவரிசைகள் பெருகியபோது, விளம்பர வருவாய் அவற்றின் முக்கிய ஆதாரமாயிற்று.

இவ்வேற்பாட்டில் அநியாயம் ஏதுமில்லை. பார்ப்போர் பணமாகச் செலுத்தாததைத் தம் கவனத்தின் ஒரு பகுதியாகச் செலுத்துகின்றனர். ஆனால் கடைத்தெருவில் கூவி விற்பவன் ஒருவன், போவோர் வருவோரைத் தன் பக்கம் திரும்பச் செய்வது வேறு. அவர்கள் கையைப் பிடித்து நிறுத்திக்கொள்வது வேறு. முன்னது அழைப்பு, பின்னது நிர்ப்பந்தம். தொலைக்காட்சிப் பொறியியலில் இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள எல்லை, ரிமோட் எனப்படும் தொலைக் கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தான் வேலை செய்கிறதா, இல்லையா என்பதில் அடங்கியுள்ளது.

தப்பிச் செல்ல உதவிய சாதனங்கள்

ரிமோட் தோன்றிய வரலாறே விளம்பரத்தோடு பிணைந்தது என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் செனித் நிறுவனத் தலைவர் யூஜின் மெக்டொனால்டு விளம்பரங்களை வெறுத்தவர். அவற்றின் ஒலியை இருந்த இடத்திலிருந்தே அடக்க ஒரு கருவி வேண்டுமென அவர் விரும்பினார். 1950-இல் அந்நிறுவனம் வெளியிட்ட முதற் கருவி ஒரு கம்பியால் பெட்டியோடு இணைக்கப்பட்டிருந்தது. 1955-இல் யூஜின் பாலி என்னும் பொறியாளர் கம்பியில்லாத 'பிளாஷ்-மேட்டிக்' கருவியை அமைத்தார். திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியுணர் கலங்கள் பொருத்தப்பட்டிருந்தன. கைவிளக்குப் போன்ற கருவியால் ஒரு மூலையில் ஒளியைப் பாய்ச்சினால் ஒலி அடங்கும். வேறு மூலையில் பாய்ச்சினால் அலைவரிசை மாறும். சன்னல் வழியே விழுந்த வெயிலும் சில வேளைகளில் அலைவரிசையை மாற்றிவிட்டது அதன் குறை. 1956-இல் ராபர்ட் ஆட்லர் அலுமினியத் தண்டுகளைத் தட்டி, செவிக்குக் கேளாத ஒலியலைகளை எழுப்பும் கருவியைக் கொண்டுவந்தார். இதற்கு மின்கலமும் தேவைப்படவில்லை.

அடுத்து வந்தது வீட்டில் பதிவு செய்யும் வீடியோ நாடா. சோனி நிறுவனம் 1975-இல் வெளியிட்ட 'பீட்டாமேக்ஸ்' கருவியைத் திரைப்பட நிறுவனங்கள் எதிர்த்து வழக்குத் தொடர்ந்தன. வீட்டில் நிகழ்ச்சியைப் பதிந்து வேறு நேரத்தில் பார்ப்பது நியாயமான உபயோகமே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் 5-க்கு 4 என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. நாடாவை விரைந்து ஓட்டி விளம்பரத்தைக் கடக்கும் வழக்கம் இதனால் நிலைபெற்றது.

1999-இல் நாடாவுக்குப் பதிலாகக் கணிப்பொறித் தட்டில் பதியும் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றுள் 'ரீப்ளே டி.வி.' என்பதன் 2001-ஆம் ஆண்டு வடிவம், விளம்பரங்களைத் தானே கண்டறிந்து தாண்டிவிடும் ஆற்றல் கொண்டிருந்தது. விளம்பரங்களுக்கு இடையே திரை ஒரு கணம் முழுக் கருமையாவதையும், ஒலியும் படமும் மாறும் விதத்தையும் கணித்து அது முடிவு செய்தது. ஒளிபரப்பு நிறுவனங்கள் உடனே வழக்குத் தொடர்ந்தன. விளம்பரத்தைத் தவிர்ப்பது திருட்டுக்கு ஒப்பாகும் என்னும் கருத்தை டர்னர் ஒளிபரப்பு நிறுவனத்தின் தலைவர் ஜேமி கெல்னர் 2002-இல் ஒரு பேட்டியில் தெரிவித்தார். 2003-இல் அப்பெட்டியைத் தயாரித்த நிறுவனம் நொடித்துப் போயிற்று. அதை வாங்கிய புதிய உரிமையாளர் அவ்வசதியை நீக்கிவிட்டனர்.

குறி ஒன்று, பயன் இரண்டு

விளம்பரத்தைத் தாண்டவோ, தாண்டவிடாமல் தடுக்கவோ வேண்டுமாயின், அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது கருவிக்குத் தெரிய வேண்டும். பழைய முறை ஒளிபரப்பில் படமும் ஒலியும் தொடர்ந்த அலையாக வந்தன. இது நாடகம், இது விளம்பரம் என்று பெட்டிக்கு அறிவிக்கும் குறி எதுவும் அதில் இல்லை. டிஜிட்டல் முறையில் படமும் ஒலியும் எண்களாக்கப்பட்டு, 188 பைட் அளவுள்ள சிறு பொட்டலங்களாக வருகின்றன. அப்பொட்டலங்களுக்கு இடையே படமும் அல்லாத, ஒலியும் அல்லாத குறிப்புச் செய்திகளையும் சேர்த்து அனுப்பலாம். அஞ்சல் பையில் கடிதங்களோடு அஞ்சல் ஊழியருக்கான குறிப்புச் சீட்டும் செல்வதை இதற்கு உவமையாகக் கூறலாம். சீட்டைப் பெறுபவர் படிப்பதில்லை. ஊழியர் படித்து அதன்படி நடக்கிறார்.

விளம்பர இடைவேளையைச் சுட்டும் குறிப்புச் செய்திகளுக்கு அமெரிக்கக் கேபிள் தொலைத்தொடர்புப் பொறியாளர் சங்கம் வகுத்த 35-ஆம் எண் தரவிதி பல நாடுகளில் உபயோகத்தில் உள்ளது. நொடியை 90,000 கூறுகளாகப் பகுக்கும் கடிகாரத்தைக்கொண்டு, இடைவேளை எக்கணத்தில் தொடங்கும் என்பதை அச்செய்தி முன்கூட்டியே அறிவிக்கும். தேசிய விளம்பரத்தை எடுத்துவிட்டு உள்ளூர் விளம்பரத்தை அவ்விடத்தில் பொருத்துவதற்காகவே இது ஏற்பட்டது.

இக்குறியின் இருமுனைத் தன்மையைப் பின்வரும் இரு நிகழ்ச்சிகள் தெளிவாக்கும். அமெரிக்காவின் டிஷ் நெட்வொர்க் நிறுவனம் 2012-இல் ஒரு பதிவுப் பெட்டியை வெளியிட்டது. நிறுவன ஊழியர்கள் விளம்பரங்களின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்து அனுப்ப, வீட்டிலுள்ள பெட்டி அக்குறிகளைப் படித்து விளம்பரங்களைத் தாண்டியது. வழக்குகள் எழுந்தன. இறுதியில், நிகழ்ச்சி ஒளிபரப்பாகி 7 நாட்கள் கழிந்த பின்னரே தங்கள் நிகழ்ச்சிகளுக்கு அவ்வசதி செயற்படும் என 2016-இல் ஃபாக்ஸ் நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது.

இதற்கு நேர்மாறானது நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் தாக்கல் செய்து, 2006-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவில் வெளியான காப்புரிமை விண்ணப்பம். விளம்பரத்தோடு ஒரு குறி அனுப்பப்படும். அக்குறி நீங்கும்வரை பெட்டி அலைவரிசை மாற்றும் கட்டளையை ஏற்காது. பதிந்து பார்க்கையில் விரைந்து ஓட்டும் கட்டளையையும் ஏற்காது. விடுதலை வேண்டுவோர் கட்டணம் செலுத்திப் பெறலாம். இம்முறை பார்ப்போரிடம் மிகுந்த வெறுப்பை எழுப்பக்கூடும் என்று விண்ணப்பமே ஒப்புக்கொண்டது. கண்டனங்கள் எழுந்தபின், தன் பெட்டிகளில் இதனைப் பொருத்தும் எண்ணமில்லை என்று நிறுவனம் அறிவித்தது. 2012-இல் சோனி நிறுவனம் பெற்ற காப்புரிமை ஒன்றில், பார்ப்பவர் எழுந்து நின்று பொருளின் பெயரை உரக்கக் கூறினால் விளம்பரம் முடிவுறும் எனப் படத்துடன் விளக்கப்பட்டிருந்தது. அதுவும் விற்பனைக்கு வரவில்லை.

ஆயினும் இவ்வகைப் பூட்டு வெறுங் கற்பனையன்று. 1996-இல் ஜப்பானில் அறிமுகமான டி.வி.டி. தட்டுகளில் இது முதலிலிருந்தே இடம்பெற்றது. தட்டின் ஒவ்வொரு பகுதியிலும், எந்தெந்தப் பொத்தான்களை ஏற்கலாகாது என்பதைக் கருவிக்குக் கூறும் குறிகளைப் பதிக்கலாம். உரிமை எச்சரிக்கை காட்டப்படும்போது எத்தனை முறை பொத்தானை அழுத்தியும் படம் நகராததற்கு இக்குறியே காரணம். எச்சரிக்கைக்காக ஏற்பட்ட இக்குறி, பின்னர் வரவிருக்கும் படங்களின் விளம்பரங்களுக்கும் பதிக்கப்பட்டது. ஒரு நோக்கத்திற்காக ஏற்பட்ட பூட்டு மற்றொரு நோக்கத்திற்கும் எளிதில் பயன்படும் என்பதற்கு இதனினும் தக்க சான்று தேவையில்லை.

மலைநாட்டு வீடும் செட்டாப் பெட்டியும்

மேற்கூறியவை அயல்நாட்டுச் செய்திகளே எனக் கருதி விடுவதற்கில்லை. கேரளத்தின் எல்லையோரப் பகுதிகளை எடுத்துக்கொள்ளலாம். ஆனைக்கரை என்னும் பெயரில் பாலக்காடு மாவட்டத்தில் பாரதப்புழைப் பக்கம் ஓர் ஊரும், இடுக்கி மாவட்டத்தில் குமுளிக்கு வடக்கே ஏலத்தோட்டங்களிடையே மற்றோர் ஊரும் உள்ளன. இடுக்கியின் ஏலமலைகளில் மலையாளமும் தமிழும் பேசும் குடும்பங்கள் அருகருகே வாழ்கின்றன. இத்தகைய மலைப் பகுதியில் தரைவழி ஒளிபரப்பு எங்கும் சீராகக் கிட்டுவதில்லை. தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் ஒளியைப் போல் நேர்கோட்டில் செல்பவை. குறுக்கே மலை நின்றால் அதன் பின்புறம் நிழல் விழும். உயரமான கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டி, அதைத் திருப்பித் திருப்பிப் படத்தைத் தேடும் நிலை இதனால் ஏற்பட்டது.

செயற்கைக்கோள் வழி நேரடி ஒளிபரப்பு இக்குறையைத் தீர்த்தது. பூமத்திய ரேகைக்கு நேர்மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோளிலிருந்து அலைகள் வருவதால், வானம் திறந்திருக்கும் எந்தச் சரிவிலும் சிறு தட்டு ஒன்றைப் பொருத்திப் படத்தைப் பெறலாம். பிரசார் பாரதியின் இலவச நேரடி ஒளிபரப்பு 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. கேபிள் இணைப்புகளும் 2012 முதல் 2017 வரை படிப்படியாக டிஜிட்டல் முறைக்கு மாற்றப்பட்டன. பழைய தரைவழி ஒளிபரப்பு நிலையங்களுள் பெரும்பாலானவற்றைப் பிரசார் பாரதி 2022-க்குள் மூடிவிட்டது. எனவே மலைநாட்டு வீடு ஒன்றில் தொலைக்காட்சி தெரிய வேண்டுமாயின், செட்டாப் பெட்டி இன்றியமையாததாகிவிட்டது.

இங்குதான் முக்கியமான மாறுதல் நிகழ்ந்தது. ஆன்டெனா வெறும் உலோகம்; அதற்குக் கட்டளையிட எவராலும் இயலாது. செட்டாப் பெட்டியோ ஒரு சிறு கணிப்பொறி. சந்தா செலுத்தியவர் யார், எந்த அலைவரிசைகளைத் திறக்கலாம் என்னும் கட்டளைகளைச் சேவை நிறுவனத்தின் தலைமை நிலையத்திலிருந்து அது இடைவிடாது பெறுகிறது. அதை இயக்கும் நிரல்களையும் அங்கிருந்தே மாற்றலாம். வீட்டினுள் இருப்பினும், அதன் சொற்கேட்கும் செவி வீட்டிற்கு வெளியே உள்ளது.

முதல் திரை

இந்தச் செவியின் வழியாக இந்தியாவில் பரவலாக நடைபெறும் நிர்ப்பந்தம், 'லேண்டிங் பேஜ்' என்று தொழிலிலுள்ளோர் வழங்கும் முதல் திரையாகும். முன்பெல்லாம் பெட்டியை இயக்கினால், கடைசியாகப் பார்த்த அலைவரிசையே தோன்றும். முதல் திரை முறையில், வீட்டார் இரவில் எதைப் பார்த்துவிட்டு நிறுத்தியிருந்தாலும், மறுநாள் பெட்டி விழித்தவுடன் சேவை நிறுவனம் குறித்துவைத்த அலைவரிசையே தோன்றுகிறது. அதிலிருந்து மாற ரிமோட்டை நாட வேண்டும். பூட்டு இல்லை; எனினும் முதல் நொடிகள் பார்ப்போருடையவை அல்ல.

இதற்காக அலைவரிசைகள் பணம் செலுத்துவதன் காரணம், பார்ப்போர் எண்ணிக்கையைக் கணிக்கும் முறையில் உள்ளது. 2015 முதல் பார்க் எனப்படும் ஒளிபரப்புப் பார்வையாளர் ஆய்வு மன்றம் இப்பணியைச் செய்து வருகிறது. ஒவ்வோர் அலைவரிசையின் ஒலியிலும் செவிக்குப் புலப்படாத அடையாளம் ஒன்று கலக்கப்படுகிறது. மாதிரியாகத் தேர்ந்த வீடுகளில் வைத்த கருவிகள் அவ்வடையாளத்தைக் கேட்டு, எது ஒலித்தது என்பதைக் குறித்துக்கொள்கின்றன. விரும்பித் திறந்ததா, தானே திறந்ததா என்று அடையாளத்திற்குத் தெரியாது. எண்ணிக்கை உயர்ந்தால் விளம்பரக் கட்டணமும் உயரும்.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், பார்ப்போர் எண்ணிக்கை கணிக்கப்படும் அலைவரிசைகளை முதல் திரையில் வைக்கலாகாது என்று 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆணையிட்டது. தொலைத்தொடர்புத் தகராறுகள் தீர்வு மற்றும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வாணையை இரத்துச் செய்தது.

இணையத்தின் வழி வரும் விளம்பரம்

இணையத்தோடு இணைந்த தொலைக்காட்சியில் நிலைமை மேலும் மாறியுள்ளது. யூடியூப் நிறுவனம் 2010-இல் 5 நொடிகளுக்குப் பின் விளம்பரத்தைத் தாண்டும் பொத்தானை அறிமுகப்படுத்தியது. அதே நிறுவனம் 2023-இல், தொலைக்காட்சித் திரைகளில் தாண்ட இயலாத 30 நொடி விளம்பரங்களை அமெரிக்காவில் அறிவித்தது. பொத்தானைத் தருவதும் பறிப்பதும் பெட்டியைத் திறவாமலே, தொலைவிலிருந்து செய்யக்கூடிய செயலாகிவிட்டது.

இங்குப் படம் சில நொடிகள் நீளமுள்ள துண்டுகளாக வருகிறது. நிகழ்ச்சித் துண்டுகளுக்கு இடையே விளம்பரத் துண்டுகளைச் சர்வரிலேயே தைத்து அனுப்பிவிட்டால், விளம்பரத்தை மட்டும் பிரித்து நீக்குவது பெட்டிக்கு அரிதாகும். மேலும் விளம்பரத்தின் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு, முழுமை என்னும் நான்கு நிலைகளிலும், இவ்வளவு காட்டப்பட்டது என்று பெட்டி திரும்ப அறிவிக்கிறது. பழைய ஒளிபரப்பு ஒருவழிப் பாதை. இது இருவழிப் பாதை.

சட்டம் கூறுவது

1994-ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சி அமைப்பு விதிகளின் 7-ஆவது விதி இப்பொருளைப் பற்றியது. ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடங்களுக்கு மேற்படலாகாது. அதில் வர்த்தக விளம்பரத்திற்கு 10 நிமிடங்களும், அலைவரிசை தன்னைப்பற்றிச் செய்துகொள்ளும் விளம்பரத்திற்கு 2 நிமிடங்களும் உரியவை. விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தெளிவாக வேறுபட்டுத் தோன்ற வேண்டும் என்றும், திரையின் அடிப்பகுதியில் எழுத்துகளை ஓடவிட்டு நிகழ்ச்சிக்கு இடையூறு செய்யலாகாது என்றும் அவ்விதி கூறுகிறது. படத்தைச் சுருக்கி, ஒரு பக்கத்திலும் கீழேயும் விளம்பரத்தைக் காட்டும் வழக்கத்தை இவ்விதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. இடைவேளை விளம்பரத்திலிருந்து எழுந்து செல்லலாம். இவ்வகை விளம்பரத்திலிருந்து விலக நிகழ்ச்சியையே கைவிட வேண்டும்.

12 நிமிட வரம்பை ஒழுங்குமுறை ஆணையம் 2012-இலும் 2013-இலும் வெளியிட்ட ஒழுங்குமுறைகளால் வலியுறுத்தியது. ஒளிபரப்பாளர்கள் வழக்குத் தொடர, தில்லி உயர் நீதிமன்றம் 2013-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர்கள்மீது கடும் நடவடிக்கை எடுக்காதிருக்குமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது.

இவ்வரம்பின் அளவைச் சிறு கணக்கால் உணரலாம். நாள்தோறும் 3 மணி நேரம் தொலைக்காட்சி பார்க்கும் குடும்பம், வரம்புக்கு உட்பட்ட விளம்பரத்தையே கண்டாலும், நாளொன்றுக்கு 36 நிமிடங்களை அதற்குக் கொடுக்கிறது. ஓராண்டில் இது 219 மணி நேரம். அதாவது இரவும் பகலுமாக 9 நாட்களுக்கு மேல். தோட்ட வேலை முடிந்து திரும்புவோருக்கு மாலைப் பொழுது குறுகியது. அப்பொழுதில் ஐந்திலொரு பங்கு விளம்பரத்திற்குப் போவதைத் தடுக்க ரிமோட்டின் பொத்தான் ஒன்றே அவர்களிடம் உள்ளது.

முன்கூறிய விதிகள் விளம்பரத்தின் அளவையும் தோற்றத்தையும் வரையறுக்கின்றன. பொத்தானைப் பற்றி அவை ஏதும் கூறவில்லை. அவ்விதிகள் எழுதப்பட்ட காலத்தில் பொத்தானைச் செயலிழக்கச் செய்யும் கருவி வீடுகளில் இல்லாததால், அதைப்பற்றிக் கூறவேண்டிய அவசியமும் அன்று எழவில்லை.

உபயோகிப்போர் செய்யத்தக்கவை

செட்டாப் பெட்டியை வாங்குவோர், கடைசியாகப் பார்த்த அலைவரிசையிலேயே பெட்டியைத் தொடங்கச் செய்யும் வசதி அமைப்புப் பட்டியலில் உள்ளதா எனக் கேட்டறிவது நலம். விரும்பும் அலைவரிசைகளின் பட்டியலை முன்னரே அமைத்துக்கொண்டால், முதல் திரையிலிருந்து ஓரிரு பொத்தான்களில் விலகலாம். விளம்பர விதிகள் மீறப்படுவதாகத் தோன்றினால், 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருத்தப்பட்ட விதிகளின்படி முதலில் அவ்வொளிபரப்பாளரிடமும், அடுத்து ஒளிபரப்பாளர்களின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பிடமும், இறுதியில் மத்திய அரசாங்கத்திடமும் முறையீடு செய்யலாம். அலைவரிசையின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துவைப்பது முறையீட்டிற்கு வலுவளிக்கும்.

விளம்பரத்தைத் தாண்டும் பெட்டியும் பூட்டும் பெட்டியும் ஒரே குறியைத்தான் படிக்கின்றன. குறி யாருடைய கட்டளைக்குப் பணியவேண்டும் என்பதைப் பொறியியல் தீர்மானிப்பதில்லை. பெட்டியின் அமைப்பை வகுப்போரும், தரவிதிகளை எழுதுவோரும், சட்டமியற்றுவோரும் அதைத் தீர்மானிக்கின்றனர். ரிமோட்டின் பொத்தான் அழுத்தியவரின் கட்டளைக்கே எந்நேரமும் இணங்க வேண்டும் என்பதை அத்தரவிதிகளில் ஒரு வரியாகச் சேர்ப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. பெட்டிகள் கோடிக்கணக்கான வீடுகளில் பொருத்தப்பட்ட பிறகு அவ்வரியைச் சேர்ப்பதைவிட, தரவிதிகள் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு சமயத்திலும் அதை வலியுறுத்துவதே எளிது.